பணியாளர் பயிற்சியும் ஊக்கமும்: ஏலூரை முன்வைத்துச் சில எண்ணங்கள்

நமது நாட்டில் அரசாங்க இலாகாக்களும் தொழிற்சாலைகளும் கல்விக்கூடங்களும் ஆண்டுதோறும் தம் பணியாளர்களுக்குப் பயிற்சி வகுப்புகளை நடத்தி வருகின்றன. இதற்கெனப் பணம் ஒதுக்கப்படுகிறது, நாள் குறிக்கப்படுகிறது, வருகைப் பதிவேட்டில் கையொப்பம் பெறப்படுகிறது, முடிவில் சான்றிதழும் வழங்கப்படுகிறது. இத்தனையும் நடந்தேறிய பின்னர், வகுப்பிற்குச் சென்று வந்தவர் மறுநாள் தம் வேலையை முன்னிலும் வேறு விதமாகச் செய்கிறாரா என்ற ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. களப்பணியாளரும் ஆசிரியரும் ஆகிய நம் வாசகர்கள் இத்தகைய வகுப்புகளில் பலமுறை அமர்ந்தவர்கள். சில வேளை தாமே அவற்றை நடத்தியவர்கள். ஆகவே இப்பொருள் பற்றி அவர்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேசலாம்.

பயிற்சி சலிப்பூட்டுகிறது என்ற குறை எழும்போதெல்லாம் அதற்கு மருந்தாக இக்காலத்தில் சொல்லப்படுவன சில உண்டு. விளையாட்டுகளைச் சேர்க்கலாம், படம் காட்டலாம், பரிசு தரலாம், கைப்பேசியிலேயே பாடத்தை அனுப்பிவிடலாம் என்பர். இவை தீயன அல்ல. எனினும் நோய் வேறிடத்தில் இருக்கிறது. தாம் நாளை செய்யவிருக்கும் வேலை அவ்வகுப்பில் இடம்பெறவில்லை என்பதைப் பணியாளர் முதல் கால் மணி நேரத்திலேயே கண்டுகொள்கிறார். தமக்குத் தெரிந்ததை அங்கு எவரும் கேட்கப் போவதில்லை என்பதை அடுத்த கால் மணி நேரத்தில் கண்டுகொள்கிறார். அதன்பின் எந்த விளையாட்டும் அவருடைய கருத்தை அங்கே இருத்தாது. இவ்விரு குறைகளையும் நீக்கினால் சுவை தானாகவே வந்து சேரும் என்பது என் துணிபு. இதனை விளக்குவதற்குக் கேரளத்தின் ஏலூரைக் காட்டிலும் ஏற்ற இடம் எளிதில் கிடைக்காது.

கொச்சி நகருக்கு வடக்கே, பெரியாற்றின் கிளைகளால் சூழப்பட்டு ஒரு தீவைப் போல அமைந்திருப்பது ஏலூர். 1943ஆம் ஆண்டில், சர் சி.பி. இராமசாமி ஐயர் திருவிதாங்கூர்த் திவானாக இருந்த காலத்தில், திருச்சிச் சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் இங்கு உரமும் இரசாயனப் பொருள்களும் செய்வதற்கான கம்பெனி ஒன்று பதிவாயிற்று. ஃபாக்ட் என்னும் சுருக்கப் பெயரால் இன்று யாவரும் அறிவது அதுவே. 1947இல் உற்பத்தி தொடங்கியது. ஆண்டுக்கு 50,000 டன் அம்மோனியம் சல்பேட்டு செய்வது நோக்கம். நம் நாட்டில் பெருவீதமாக உரம் செய்ய எழுந்த ஆலைகளுள் இது முதலாவது. சிந்திரி ஆலை 1951இல்தான் இயங்கலாயிற்று.

அம்மோனியா செய்ய நைட்ரஜனும் ஹைட்ரஜனும் வேண்டும். நைட்ரஜன் காற்றில் உண்டு. ஹைட்ரஜனைப் பெறுவதற்குப் பிற நாட்டினர் பெரும்பாலும் நிலக்கரியைக் கையாண்டனர். திருவிதாங்கூரில் நிலக்கரி இல்லை, காடு இருந்தது. ஆகவே விறகை அளவான காற்றும் நீராவியும் கொண்டு வாயுவாக்கி, அவ்வாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பெறும் அரிய முறை ஏலூரில் மேற்கொள்ளப்பட்டது. அன்று வேலைக்குச் சேர்ந்தோருள் பெரும்பாலோர் அத்தகைய ஆலையை முன்பின் கண்டிருக்க வழியில்லை. நாட்டிலேயே அது அரிதல்லவா? ஆனால் விறகை அறியாதவர் அவர்களுள் ஒருவரேனும் இருந்திருப்பாரா? ஈர விறகு புகையும் என்பதும், காற்று மிகுந்தால் தழல் எழுந்து விரைவில் தணியும் என்பதும், மூடிப் போட்டால் கரி மிஞ்சும் என்பதும் அடுப்படியில் வளர்ந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த செய்தி. வாயுவாக்கும் உலையின் விஞ்ஞானம் முழுவதும் இம்மூன்று செய்திகளிலிருந்தே புறப்படுகிறது. கற்பிப்போன் அவ்விடத்திலிருந்து தொடங்கினால் கற்போன் முன்னரே பாதி வழி வந்து நிற்பதைக் காண்பான். சமன்பாட்டிலிருந்து தொடங்குவானாயின் இருவரும் தனித்தனியே நடக்க வேண்டியதுதான்.

ஏலூரின் கதை அங்கே முடியவில்லை. விறகின் இடத்தில் பிற்பாடு எண்ணெய் வந்தது. அதன்பின் நாப்தா வந்தது. 2013இல் திரவ இயற்கை வாயுவிற்கு ஆலை மாறிற்று. மூலப்பொருள் மாறுந்தோறும் வால்வுகளும் அழுத்தங்களும் அபாயங்களும் மாறின. ஆதலின், முப்பது ஆண்டு வேலை பார்க்கும் ஒருவர் அங்கே ஒரே தொழிலை மீண்டும் புதிதாகக் கற்கவேண்டி வரலாம். கற்றல் ஒருமுறை முடிந்துவிடும் காரியமன்று என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் தொழிற்சாலைகள் சிலவே.

ஃபாக்டுக்கு அண்டையில் வேறு ஆலைகளும் எழுந்தன. மோனசைட்டு மணலிலிருந்து அருமண் உப்புகளைப் பிரிக்கும் ஆலை 1952இல் திறக்கப்பட்டது. காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்யும் திருவிதாங்கூர்-கொச்சி கெமிக்கல்ஸ் 1951இல் நிறுவப்பட்டது. பூச்சிமருந்து செய்யும் ஹிந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸின் ஆலை 1958இல் வந்தது. இவ்வாறு, சில கல் தொலைவிற்குள் அம்மோனியாவும் குளோரினும் அடுத்தடுத்துக் கையாளப்படும் இடமாயிற்று ஏலூர். பயிற்சியின் தரம் உயிரோடு தொடர்புடையது என்பதை இவ்விரு வாயுக்களைக் கொண்டே காட்டலாம்.

அம்மோனியாவிற்கு நீர் மீது பேரார்வம். ஒரு பங்கு நீர், சாதாரண வெப்பநிலையில், ஏறத்தாழ 700 பங்கு அம்மோனியா வாயுவைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். ஆகவே கசிந்து பரவும் வாயுவின் குறுக்கே நீரைத் தூவித் திரை அமைத்தால் பெரும் பகுதி அடங்கும். இதனைப் பயிற்சி வகுப்பில் "அம்மோனியா கசிந்தால் நீர் அடிக்கவும்" என்று ஒரே வரியில் எழுதிப் போடுவது வழக்கம். அவ்வரியை மட்டும் மனப்பாடம் செய்த ஒருவர், தரையில் குளமாகத் தேங்கிய திரவ அம்மோனியாவைக் கண்டால் என்ன செய்வார்? அதன்மீதே நீரைப் பாய்ச்சுவார். திரவ அம்மோனியா சுழிக்குக் கீழே 33 பாகையில் கொதிப்பது. அதற்கு நம் குழாய்நீர் ஓர் அடுப்பு நெருப்பிற்கு ஒப்பாகும். குளம் பொங்கி எழுந்து, முன்னிலும் பெரிய மேகத்தை உண்டாக்கும். நீர் வாயுவிற்கு மருந்து, திரவத்திற்கு நெருப்பு என்ற காரணத்தை அறிந்தவர் மட்டுமே அவ்விடத்தில் சரியாக நடப்பார்.

குளோரினின் நிலை வேறு. கசியும் உருளையின் துளை மீது நீர் பட்டால் அமிலம் உண்டாகி, உலோகத்தை அரித்துத் துளையைப் பெரிதாக்கும். அதற்கு மாற்று காஸ்டிக் சோடாக் கரைசலும் சுண்ணாம்பும். (உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்துகையில் குளோரினும் அதற்கு மருந்தான காஸ்டிக் சோடாவும் உடன்பிறந்தாராக ஒருங்கே தோன்றுவதைப் பள்ளி ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துக் காட்டலாம்.) குளோரின் காற்றினும் இரண்டரை மடங்கு கனமானது, தாழ்ந்த இடங்களில் தங்கும். அம்மோனியா வாயு காற்றினும் இலேசானது. ஆயினும் குளிர்ந்த திரவத்திலிருந்து புறப்படுகையில் வெண்பனி போலத் தரையை ஒட்டியே ஊரும். ஓர் ஒப்பந்தத் தொழிலாளி இம்மாதம் ஓர் ஆலையிலும் அடுத்த மாதம் அடுத்த ஆலையிலும் வேலைக்குப் போக நேர்ந்தால், முன்னதில் உயிர் காத்த பாடம் பின்னதில் உயிர் வாங்கும். விதியை மட்டும் கற்பித்துக் காரணத்தை மறைத்த பயிற்சி, பயிற்சியின்மையைக் காட்டிலும் சில வேளை கொடியது.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். வாயு கசிந்தால் காற்றுக்கு எதிராகவோ குறுக்காகவோ விலகிச் செல்ல வேண்டும் என்பது பொதுவிதி. மலையாளக் கரையில் பகலில் பெரும்பாலும் கடற்காற்று மேற்கிலிருந்து வீசும். இரவு முதிர்ந்தபின் நிலக்காற்று கிழக்கிலிருந்து மெல்ல வரும். பயிற்சி வகுப்புகளோ பகல் பதினோரு மணிக்கு நடைபெறுகின்றன. "அந்த வாயில் வழியாக ஓடுங்கள்" என்று அங்கே விரல் நீட்டிக் காட்டினால், இரவு ஷிப்டில் இருப்பவரை வாயுவோடு சேர்த்து ஓடச் செய்கிறோம். வாயிலைக் காட்டுவதை விட்டு, ஆலையின் உச்சியில் தொங்கும் காற்றுப்பையைப் பார்க்கப் பழக்கவேண்டும். அதையும் இரவு இரண்டு மணிக்கு, விளக்கின் ஒளியில், அந்த ஷிப்டில் உள்ளோர் நின்று பார்த்துப் பழகவேண்டும். இத்தகைய பயிற்சியில் எவரும் தூங்கி நான் கேள்விப்பட்டதில்லை.

இவை வெறும் கற்பனை அச்சங்கள் என்று எண்ணுவோர் இரண்டு நிகழ்ச்சிகளை நினைவுகூர்வாராக. 2004 ஜூலையில் ஏலூரிலேயே பூச்சிமருந்து ஆலையில் பெருந்தீ மூண்டு, அண்டையில் வாழ்ந்தோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது 1984 டிசம்பரின் போபால் பேரழிவு. அவ்வாலையில் விபத்திற்கு முந்திய ஆண்டுகளில் செலவைச் சுருக்கும் பொருட்டு ஆட்களும் குறைக்கப்பட்டனர். பயிற்சிக் காலமும் குறைக்கப்பட்டது. கருவிகள் அடிக்கடி பழுதாகி வந்தமையால், அன்றிரவு அழுத்தம் ஏறியதைக் கருவி காட்டியபோது அது உடனே நம்பப்படவில்லை. பின்னர் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், தம் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய செய்திகளைக் கேட்டுப் பெறுவதும் அவற்றில் பயிற்சி பெறுவதும் தொழிலாளியின் உரிமை என்று எழுதி வைத்தது. இச்சொல்லை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. கட்டாயம் என்று அழைக்கப்படும் வகுப்பிற்கு மனிதன் கால்களை மட்டும் கொண்டு வருகிறான். அது தன் உரிமை என்று அறிந்தவன் கேள்விகளையும் கொண்டு வருகிறான். அழைப்புக் கடிதத்தின் முதல் வாக்கியத்தை மாற்றி எழுதுவதற்குச் செலவு ஏதுமில்லை.

இனி, கற்பிக்கும் முறையைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதியோரை விரைவாகப் பழக்குவதற்கு நான்கு படிகள் கொண்ட முறையொன்று வகுக்கப்பட்டது. கற்போனை ஆயத்தம் செய்தல், வேலையைச் செய்து காட்டி ஒவ்வோர் அசைவிற்கும் காரணம் சொல்லல், அவனைச் செய்யவிட்டுக் காரணத்தை அவன் வாயாலேயே கேட்டல், பின்னர் தனியே விட்டு அவ்வப்போது சென்று பார்த்தல் என்பன அப்படிகள். போருக்குப் பின் ஜப்பான் இதனை ஆர்வத்துடன் ஏற்றது. 1950களில் நம் நாட்டிற்கும் வந்தது. மூன்றாம் படியும் நான்காம் படியுமே இதன் உயிர்நிலை. நம் வகுப்புகளோ பெரும்பாலும் இரண்டாம் படியின் முதற்பாதியோடு நின்றுவிடுகின்றன.

கேட்பதன் பயனை மனநூலாரும் சோதித்துக் காட்டியுள்ளனர். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் மாணவரில் ஒரு சாராரை ஒரு பாடத்தை மீண்டும் மீண்டும் படிக்கச் செய்தனர். மற்றொரு சாராரை ஒருமுறை படித்தபின் புத்தகத்தை மூடி, நினைவிலிருப்பதை எழுதச் செய்தனர். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவரே மேம்பட்டனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, நினைவிலிருந்து எழுதியவர் மேம்பட்டு நின்றனர். பயிற்சி வகுப்பின் இறுதியில் வைக்கப்படும் தேர்வு ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்பதை இதனால் அறியலாம். அது ஐந்து நிமிஷ நினைவை அளக்கிறது. ஆலைக்கு வேண்டியது ஆறு மாத நினைவு. ஆகவே ஒரு நாள் முழுவதும் பேசிவிட்டு ஒரு தேர்வு வைப்பதினும், ஷிப்டு மாறும் வேளையில் வாரத்திற்கு ஒரு கேள்வியை மேற்பார்வையாளர் கேட்டு வருவது மேல். தவறான விடைக்குத் தண்டனை கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அஞ்சியவன் விடையை மறைப்பான். மறைத்த அறியாமை இரவு இரண்டு மணிக்கு வெளிப்படும்.

ஊக்கத்தைப் பற்றி எழுதுவோர் பரிசையே பெரிதும் பேசுகின்றனர். இதில் எச்சரிக்கை வேண்டும். 1973இல் அமெரிக்காவில் ஒரு பாலர் பள்ளியில் செய்த சோதனை புகழ் பெற்றது. படம் வரைவதில் தாமாகவே மகிழ்ந்த குழந்தைகளுள் சிலருக்கு, வரைந்தால் நற்சான்றுப் பத்திரம் தருவதாக முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தனர். சில நாள் கழித்துப் பார்க்கையில், அக்குழந்தைகள் தாமாக வரையும் நேரம் குறைந்திருந்தது. பரிசு வந்ததும் விருப்பம் வேலையாக மாறிவிட்டது போலும். பெரியோர்க்கும் குழந்தைகட்கும் வேறுபாடு உண்டு. கூலி வாங்குவோனுக்குக் கூலி உயர்வு கசக்காது. பயிற்சியின் பெயரால் நியாயமான ஊதியத்தையும் பதவி உயர்வையும் தட்டிக் கழிக்கலாகாது என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். நான் சொல்வது கைக்கடிகாரமும் பூச்செண்டும் தரும் பரிசுகளையே. அவை விழாவிற்கு அழகு; வேலைக்கு உரமாகா.

உரமாவது எது? தன் சொல் எடுபடுவதைக் காண்பது. அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் 1953இல் நடந்தது இதற்கு நல்ல சான்று. தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டும் அங்கே எதிர்பார்த்த விளைவு கிட்டவில்லை. இலண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் ஆராய்ந்தபோது, ஒவ்வொரு தொழிலாளியும் பல தறிகளுக்கு ஒரு துண்டு வேலையை மட்டும் செய்து, ஒருவரோடொருவர் குழம்பி நின்றது தெரிந்தது. ஒரு சிறு குழுவே ஒரு தொகுதித் தறிகளுக்கு முழுப்பொறுப்பு ஏற்கலாம் என்ற யோசனையைத் தொழிலாளர் உடனே பற்றிக்கொண்டு, குழுக்களைத் தாமே அமைத்தனர். உற்பத்தி உயர்ந்தது; சேதமான துணி குறைந்தது. ஆயினும் 1970இல் எரிக் மில்லர் மீண்டும் சென்று பார்த்தபோது, ஒரு கொட்டகையில் அம்முறை ஏறக்குறைய மாறாமல் நிலைத்திருக்க, வேறு இடங்களில் அது நெகிழ்ந்து பழைய வழிக்குத் திரும்பியிருந்தது. நல்ல ஏற்பாடும் பேணுவார் இன்றேல் தேயும்.

ஏலூரைப் பற்றிய இன்னொரு செய்தி இவ்விடத்தில் நினைவிற்கு வருகிறது. எம்.கே.கே. நாயர் ஃபாக்டின் தலைமைப் பொறுப்பில் இருந்த 1960களில் அங்கே ஒரு கதகளிப் பள்ளியும் தோன்றியது. உர ஆலைக்கும் கதகளிக்கும் என்ன உறவு என்று கேட்டவரும் இருந்திருப்பர். கதகளி ஆசான் தாளில் அச்சிட்டு முத்திரைகளை வழங்குவதில்லை. மாணவனின் விரலைப் பிடித்துத் திருத்துகிறார், அவன் தவறாமல் செய்யும் வரை. ஆலையின் இயக்க அறையிலும் இளையவர் தம் மூத்தவரைச் "சேட்டா" என்றழைத்து அருகில் நின்று கற்பது அம்மரபின் இன்னொரு கிளையே. பயிற்சி நிலையத்தார் வெளியூர் நிபுணரைத் தேடுமுன் இச்சேட்டனைத் தேடுவது நலம்.

மொழியையும் கவனிக்க வேண்டும். இன்று கேரளத் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலைக்கு வருவோருள் வங்காளத்தையும் அஸ்ஸாமையும் ஒடிசாவையும் பீகாரையும் சேர்ந்தோர் மிகப் பலர். மலையாள அறிவிப்புப் பலகை அவருக்குச் சித்திரம். அவர் தாய்மொழியில் பத்து நிமிஷம் பேசுவது, புரியாத மொழியில் மூன்று மணி நேரம் பேசுவதினும் பயன் தரும்.

நம் களப்பணியாளருக்கும் இவை பொருந்தும். 1974இல் இராஜஸ்தானத்துச் சம்பல் பாசனப் பகுதியில் தொடங்கி, பின் பல மாநிலங்களில் பரவிய பயிற்சி-பார்வையிடல் திட்டத்தில், கிராம விரிவாக்கப் பணியாளர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வகுப்பிற்கு வந்து, அடுத்த இரு வாரங்களுக்குரிய செய்தியைப் பெற்றுச் சென்றனர். முதற் சில பருவங்களில் பலன் இருந்தது. பின்னர் அதே செய்திகள் திரும்பத் திரும்ப வந்தன. உழவர் கேட்ட கேள்வி மேலே செல்ல வழி குறுகியதாக இருந்தது. பணியாளர் தபால்காரர் நிலைக்குத் தாழ்ந்தார். இதற்கு மாறாக 1989இல் இந்தோனேசியாவில் தோன்றிய உழவர் வயல்வெளிப் பள்ளியில், உழவர் வாரந்தோறும் வயலில் இறங்கிப் பூச்சியையும் அதைத் தின்னும் சிலந்தியையும் எண்ணி, கண்டதைத் தாளில் வரைந்து, மருந்து வேண்டுமா என்று தாமே விவாதித்து முடிவு செய்தனர். அங்கே பயிற்சியாளர் விடை சொல்பவராக இல்லை, "நீங்கள் கண்டது என்ன?" என்று கேட்பவராக இருந்தார்.

ஆசிரியர்களுக்கும் அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டபோது, ஆசிரியர்கள் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி பள்ளத்தாக்கிற்குச் சென்று, அங்குள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் குழந்தைகள் அட்டைகளைக் கொண்டு தாமே கற்பதைக் கண்ணால் கண்டனர். கண்டவர் நம்பினர். பிற்காலத்தில் அம்முறை மாநிலமெங்கும் ஆணையாகப் பரவியபோது, காணாதவரும் அதனைச் செய்ய வேண்டியதாயிற்று. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்களே நன்கறிவர்.

செய்யத்தக்கது ஒன்று உடனடியாக உண்டு. ஏலூரில் நாப்தாவைக் கையாண்டு பழகியவர்கள் ஆண்டுதோறும் ஓய்வு பெற்று வெளியேறுகின்றனர். நம் வேளாண்மைக் கோட்டங்களிலும் பள்ளிகளிலும் இவ்வாறே. எந்தப் பம்பு மழைக்காலத்தில் எவ்வாறு ஒலிக்கும், எந்த ஊரில் எந்த மாதம் கிணறு உப்பாகும் என்பன போன்ற செய்திகள் எந்தக் கையேட்டிலும் ஏறாதவை. ஓய்வு பெறுமுன் கடைசி மாதத்தை நாம் வழக்கமாகக் கணக்கு ஒப்படைப்பிலும் பிரிவுபசாரத்திலும் கழிக்கிறோம். அம்மாதம் முழுவதும் அவரருகில் இளையோர் இருவரை நிறுத்தி, அவர் பார்ப்பதைப் பார்க்கவும், கேட்பதைக் கேட்கவும், நாள்தோறும் மாலையில் அன்று கண்டவற்றுள் மூன்றை அவரிடமே திருப்பிச் சொல்லவும் ஏற்பாடு செய்யலாம். இதற்கான படித்தொகையையும் ஆணையில் குறிப்பிட்டு அவருக்கே வழங்கலாம். கணக்கு ஒப்படைப்பை அதற்கு முந்திய மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். அந்த ஒரு மாதம் அவருக்கு வேறு அலுவல் தரலாகாது.